டெல்வ் கைமாறிய கதை: விண்வெளி கேம்களில் அணி மாறுவதன் விலை

2009 பிப்ரவரி முதல் வாரம். ஈவ் ஆன்லைன் என்ற இணைய விண்வெளி கேமுக்குள் நுழைந்த பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியின் ஆட்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. அவரவர் கப்பல்கள் நிறுத்திய இடத்தில் இருந்தன. கூட்டணிதான் இல்லை. உள்ளே பொறுப்பில் இருந்த ஒருவர் அதைக் கலைத்துவிட்டு எதிரியிடம் போய்விட்டார். வருடக்கணக்கில் எந்தப் படையாலும் உடைக்க முடியாமல் இருந்த டெல்வ் என்ற பகுதி, மெனுவில் அழுத்திய ஒரு பொத்தானால் திறந்துகொண்டது.

விண்வெளி கேம்களில் அணி சேர்வது, அணி மாறுவது, அதற்கான விளைவைச் சந்திப்பது என்று பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம். "உங்கள் முடிவுகள் உலகை மாற்றும்" என்று சொல்லி விற்கும் கேம்கள் ஏராளம். பெரும்பாலும் மாறுவது ஒரு வசனமும் ஒரு எண்ணும்தான். டெல்வில் அன்று நடந்தது எப்படி நடந்தது, ஏன் இத்தனை வருடம் கழித்தும் பேசப்படுகிறது என்று பார்த்தால், மற்ற கேம்களில் எது குறைகிறது என்பது தெரியும்.

வரைபடமும் உரிமையும்

ஈவ் ஆன்லைன் 2003 மே மாதம் வந்தது. தயாரிப்பு ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் இருக்கும் சி.சி.பி. நிறுவனம். சீனாவுக்குத் தனி சர்வர் உண்டு. மற்றபடி உலகம் முழுவதும் உள்ள ஆட்டக்காரர்கள் டிரான்குவிலிட்டி என்ற ஒரே சர்வரில்தான் விளையாடுகிறார்கள். இது முக்கியமான விஷயம். ஒரு சர்வரில் பெயரைக் கெடுத்துக்கொண்டு இன்னொரு சர்வரில் புது ஆளாகத் தொடங்கும் வழி இங்கே இல்லை.

வரைபடத்தின் நடுப்பகுதியில் காவல் உண்டு. ஓரங்களில் இருக்கும் பகுதிகளில் காவல் கிடையாது. அங்கே நிலம் யாருடையது என்பதை ஆட்டக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள். சிலர் சேர்ந்தால் ஒரு கார்ப்பரேஷன், பல கார்ப்பரேஷன்கள் சேர்ந்தால் ஒரு கூட்டணி. கூட்டணியின் பெயரில் சூரிய மண்டலங்களுக்கு உரிமை கொண்டாடலாம்.

2009இல் அந்த உரிமை எப்படி இயங்கியது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக்கதையும் அதில்தான் இருக்கிறது. நிலாக்களைச் சுற்றி விண்தளங்களை நிறுத்தி, அவற்றுக்கு எரிபொருள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யாருடைய தளங்கள் அதிகமோ அவர்களுக்கே மண்டலம். நாள் ஆக ஆக உரிமையின் படிநிலை உயரும். வாரக்கணக்கில் விடாமல் வைத்திருந்தால்தான் உயர்ந்த படி கிடைக்கும். அந்தப் படியில்தான் எதிரியின் ராட்சசக் கப்பல்கள் நேரடியாகத் தாவி வராமல் தடுக்கும் கருவியை நிறுத்த முடியும். சொந்தப் படையைக் கண நேரத்தில் ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் பாலங்களையும் அப்போதுதான் கட்ட முடியும். ஆக, ஒரு கோட்டையின் பலம் அதன் பீரங்கிகளில் பாதி. மீதிப் பாதி, கூட்டணியின் பெயரில் ஓடிக்கொண்டிருந்த நாட்கணக்கில் இருந்தது.

கூட்டணி கலைந்தால் அந்தக் கணக்கு பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். தளங்கள் அங்கேயேதான் நிற்கும், ஆட்களும் கப்பல்களும் எங்கும் போகமாட்டார்கள். ஆனால் தடுப்புக் கருவியும் பாலங்களும் அணைந்துவிடும்.

இரண்டு பக்கங்கள்

பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் பழம் தின்று கொட்டை போட்டவர்களின் கூட்டணி. அனுபவம், பணம், பெரிய கப்பல்கள், கட்டுப்பாடு எல்லாம் அவர்களிடம் இருந்தன. கேம் உலகத்தையே வெல்வோம் என்ற எண்ணமும் இருந்தது. எதிரில் கூன்ஸ்வார்ம். ஒரு நகைச்சுவை இணையதளத்தின் உறுப்பினர்கள் கூட்டமாக வந்து உருவாக்கியது. புதியவர்களை மலிவான சின்னக் கப்பல்களில் ஏற்றி ஈசல் கூட்டம் போல அனுப்பிப் போர் செய்தவர்கள். ரஷ்ய, பிரெஞ்சு ஆட்டக்காரர்களின் கூட்டணிகள் இவர்களோடு தோள் கொடுத்தன.

இந்தப் பகைக்கு கேமுக்கு வெளியேயும் ஒரு காரணம் சேர்ந்துகொண்டது. சி.சி.பி. நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், தான் விளையாடிவந்த பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் பக்கத்துக்கு பொருள்களைத் தயாரிக்க உதவும் அரிய உற்பத்தி வரைபடங்களை (புளூபிரிண்ட்) முறைகேடாகக் கொடுத்தது 2007இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு நிறுவனம் தன் ஊழியர்களைக் கண்காணிக்க உள் விசாரணைப் பிரிவை அமைத்தது. ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு பிரதிநிதிகள் குழுவும் 2008இல் வந்தது. அந்தக் குழு இன்றும் இருக்கிறது. ஒரு கேமின் ஆட்டக்காரர்கள் தயாரிப்பாளரிடம் முறையிட்டுத் தேர்தல் வரை கொண்டுவந்தது சாதாரண விஷயம் இல்லை.

அந்த ஆள் செய்தது

கலைத்தவர் வெளியிலிருந்து ஊடுருவிய உளவாளி இல்லை. பேண்ட் ஆஃப் பிரதர்ஸில் பல காலம் இருந்தவர், டைரக்டர் பொறுப்பு பெற்றவர். கூன்ஸ்வார்மில் சேர விரும்பி அவர்களை அணுகினார். அங்கே உளவு வேலைகளைப் பார்த்துவந்தவர், கேமுக்குள் தி மிட்டானி என்ற பெயரில் பிரபலமானவர். வந்தவரிடம் என்னென்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்த்தபோதுதான் விஷயத்தின் அளவு புரிந்தது. கூட்டணியை நடத்தும் தலைமைக் கார்ப்பரேஷனில் அவருக்கு டைரக்டர் உரிமை இருந்தது. உறுப்புக் கார்ப்பரேஷன்களை நீக்கலாம். கடைசியில் கூட்டணியையே மூடலாம்.

கஜானாவில் கை வைத்துவிட்டு ஓடும் திருட்டு ஈவ் ஆன்லைனில் அப்போதே பழகிப்போன ஒன்று. அந்த ஆளும் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டுதான் போனார். ஆனால் எடுத்ததை மறுபடி சம்பாதித்துவிடலாம். கலைத்ததைச் சரிசெய்ய வாரக்கணக்கில் அமைதி வேண்டும், எதிரி அந்த அமைதியைக் கொடுக்கப்போவதில்லை. எந்தக் கல்லை உருவினால் சுவர் சரியும் என்று அறிந்த ஒருவர் அந்தக் கல்லை எதிரியின் கையில் கொடுத்தார்.

கூன்ஸ்வார்மும் நட்புக் கூட்டணிகளும் தாமதிக்காமல் டெல்வுக்குள் படையை இறக்கின. பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் ஆட்கள் பழைய பெயரில் திரும்ப முடியாமல் கென்சோக்கு என்ற பெயரில் ஒன்றுகூடிச் சண்டை போட்டார்கள். நன்றாகவே போட்டார்கள். இருந்தாலும் சில மாதங்களில் டெல்வ் கைமாறியது. அவர்களுடைய தலைநகரமாக இருந்த என்.ஓ.எல்.-எம்9 கூன்ஸ்வார்மின் வீடாயிற்று.

தயாரிப்பாளர் தலையிடவில்லை. கொடுக்கப்பட்ட உரிமையைக் கொண்டு செய்த காரியம், விதிமீறல் இல்லை, ஆகவே திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை என்ற நிலையில் நின்றார்கள். 2007 விவகாரத்துக்குப் பிறகு அவர்களால் வேறு மாதிரி நடந்திருக்கவே முடியாது என்பது என் எண்ணம். அதே கூட்டணிக்கு மறுபடி கை கொடுத்திருந்தால், கேமின் மேல் மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிருக்கும். தயாரிப்பாளர் சும்மா இருந்ததால்தான் அந்த முடிவு முடிவாக நின்றது. இதை நான் அவர்களுடைய மிகப் பெரிய வடிவமைப்பு முடிவுகளில் ஒன்றாகவே பார்க்கிறேன், அதற்கென்று ஒரு வரி நிரல்கூட எழுதப்படவில்லை என்றாலும்.

அதே கேமில் இன்னொரு கணக்கு

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு ஈவ் ஆன்லைனுக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டக்காரர்களின் கூட்டணிகள் போக, கணினி நடத்தும் நான்கு பேரரசுகள் அங்கே உண்டு: அமார், கால்டாரி, காலன்டே, மின்மட்டார். ஒவ்வொன்றோடும் உங்களுக்கு ஒரு நன்மதிப்பு எண் இருக்கும், கழித்தல் 10 முதல் கூட்டல் 10 வரை. பேரரசு கொடுக்கும் ஒரே நிலை வேலைகளில் 16 செய்து முடித்தால் ஒரு சிறப்பு வேலை வரும். அதை முடித்தால் பேரரசின் மதிப்பு ஏறும். கால்டாரிக்கு வேலை செய்தால் அவர்களுக்கு நெருக்கமான அமாரும் கொஞ்சம் மகிழும், காலன்டேயும் மின்மட்டாரும் கொஞ்சம் முறைக்கும். எண் கழித்தல் 5க்குக் கீழே போனால் அந்தப் பேரரசின் கடற்படை உங்களைக் கண்டதும் சுடும்.

தாளில் பார்த்தால் அருமையான அமைப்பு. நண்பனின் எதிரி எனக்கும் எதிரி என்பதைக் கணக்காகவே எழுதிவிட்டார்கள். ஆனால் நடைமுறையில் இது ஒரு வீட்டு வேலை. ராஜதந்திரத் திறனை ஐந்தாம் நிலை வரை பயின்றால் 10க்கும் உங்கள் எண்ணுக்கும் இடையிலான தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கழித்தல் 5 என்பது கழித்தல் 2 ஆகத் தெரியும். கடற்படை சுடுவதை நிறுத்திவிடும். குறிப்பிட்ட ஒரு கதைத் தொடரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முடித்து, விரும்பிய பேரரசின் மதிப்பை உயர்த்திக்கொள்ளலாம். எந்த வரிசையில் எதைச் செய்தால் கெட்ட பெயர் சீக்கிரம் நீங்கும் என்று ஆட்டக்காரர்கள் வழிகாட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் கால்டாரி கப்பல்களைச் சுட்டவர், சில வார உழைப்பில் கால்டாரி நிலையத்தில் உட்கார்ந்து வேலை வாங்கலாம். அந்த ஆயிரம் கப்பல்களைப் பற்றிக் கேட்க அங்கே யாரும் இல்லை.

பேண்ட் ஆஃப் பிரதர்ஸைக் கலைத்தவருக்கு அப்படி ஒரு வழிகாட்டி கிடையாது. அந்தப் பெயரோடு அவர் எந்தக் கூட்டணியின் கதவைத் தட்டினாலும், உள்ளே இருப்பவர்களுக்கு அவர் யார் என்று தெரியும்.

தனியாக விளையாடும் கேம்கள்

சரி, ஆயிரக்கணக்கான மனிதர்கள் சேர்ந்து விளையாடும் கேமை வைத்துத் தனி ஆள் விளையாடும் கேம்களை அளக்கலாமா? அளக்கலாம் என்றே நினைக்கிறேன், அளவுகோலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு.

2003இல் வந்த ஃப்ரீலான்சர் எனக்கு இன்றும் நெருக்கமான கேம். லிபர்ட்டி, பிரெட்டோனியா, குசாரி, ரைன்லாந்து என்று நான்கு அரசுகள், அவற்றைச் சுற்றிக் கம்பெனிகள், கொள்ளையர்கள், பழைய இரும்புக்காரர்கள். யாரைச் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லோருடைய பார்வையும் மாறும். கொள்ளையர்களிடம் நல்ல பெயர் எடுத்தால்தான் அவர்களுடைய மறைவிடங்களில் இறங்கி நல்ல கப்பல் வாங்க முடியும். அந்த உலகம் உயிரோட்டமாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். ஆனால் மதுக்கடையில் சரியான ஆளைப் பிடித்துக் கொஞ்சம் பணத்தைத் தள்ளினால் பழைய பகை தீர்ந்துவிடும். லஞ்சம் கொடுத்துப் பகை தீர்ப்பது உலக வழக்கம்தான், அதில் தவறில்லை. கொடுத்த பிறகு யாரும் அதை நினைவில் வைத்திருப்பதில்லை என்பதுதான் குறை.

2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டில் ஒருவர் யுனைடெட் காலனீஸ் என்ற அரசின் வேன்கார்ட் படையிலும் சேரலாம், இன்னொரு அரசான ஃப்ரீஸ்டாரின் ரேஞ்சராகவும் ஆகலாம். கதையின்படி இந்த இரு அரசுகளும் ஒன்றோடொன்று போரிட்டவை. ஒரு பக்கம் சீருடை போட்டவனை மறுபக்கம் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்வது அந்தப் போர்க்கதையையே பொய்யாக்குகிறது. கொள்ளையர் படையா, அவர்களைப் பிடிக்கும் சிஸ்டெஃபா என்ற ஒரே இடத்தில்தான் ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்று மூடும். அந்த இடம்தான் எனக்கு நினைவிலும் நிற்கிறது.

மாஸ் எஃபெக்ட் வரிசையில் இரண்டு வகையும் உண்டு. 2007இல் வந்த முதல் பாகத்தில் ராக்னி இனத்தின் கடைசி ராணியைக் கொல்வதா விடுவிப்பதா என்று கேட்பார்கள். கை நடுங்க வைக்கும் கேள்வி. ஓர் இனமே உங்கள் கையில். 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில், நீங்கள் ராணியைக் கொன்றிருந்தாலும் அதே வேலை வரும். ராணியின் இடத்தில் எதிரிகள் உருவாக்கிய ஒரு மாற்று ராணி இருக்கும். அன்று நடுங்கிய கைக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது.

அதே மூன்றாம் பாகத்தில் டச்சங்கா கிரகத்தின் கதை வேறு ரகம். க்ரோகன் இனத்தின் மலட்டுத்தன்மையைத் தீர்க்கும் மருந்தைக் கொடுப்பதா, ரகசியமாகக் கெடுத்துவிட்டு சலாரியன்களின் உதவியையும் வாங்கிக்கொள்வதா? முதல் பாகத்தில் கூட வந்த க்ரோகன் தோழன் ரெக்ஸ் உயிரோடு இருந்தால், மருந்தைக் கெடுத்ததைக் கண்டுபிடித்து உங்கள் முன்னால் வந்து நிற்பான். முதல் பாகத்தில் அவன் செத்திருந்தால் க்ரோகன்களுக்குத் தலைமை ஏற்பது ரீவ் என்ற முரடன், அப்போது மருந்தைக் கெடுப்பதே சரியோ என்ற சந்தேகம் நமக்கே வரும். இங்கே கேட்பவன் ரெக்ஸ், க்ரோகன் இனம் என்ற எண் இல்லை. உங்களை நம்பியவன், பெயரும் முகமும் உள்ளவன். தனியாள் கேமில் டெல்வுக்குப் பக்கத்தில் போன காட்சி என்று நான் சொல்வது இதைத்தான். பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போய் மாற்றிவிடலாம் என்பது உண்மை. ஆனால் பலர் மாற்றாமல் அப்படியே விளையாடி முடித்ததாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் மாற்றவில்லை.

யாருடைய தேர்வு?

டெல்வ் கதையைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாக இருக்காது. அன்று தேர்வு செய்தது ஒரே ஒரு ஆள். அந்தக் கூட்டணியில் தினமும் எரிபொருள் சுமந்தவர்கள், நடு இரவில் காவல் நின்றவர்கள், புதிதாகச் சேர்ந்து முதல் பெரிய கப்பலுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவர்கள், இவர்கள் யாரையும் எவரும் கேட்கவில்லை. விளைவு மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது. கார்ப்பரேஷன் தலைவரை மாற்ற வேண்டுமானால் பங்குதாரர் வாக்கெடுப்பு, காத்திருப்பு என்று முறைகள் வைத்திருந்த அதே கேம், ஒரு கூட்டணியை ஒழிப்பதற்கு ஒரு டைரக்டரின் விருப்பம் போதும் என்று விட்டிருந்தது. ஒரு நாள் அவகாசம், இன்னொருவரின் ஒப்புதல் என்று ஏதாவது வைத்திருக்கலாம். வைத்திருந்தால் துரோகம் நின்றிருக்காது. ஆனால் அதைத் தடுக்கவும் ஆளுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். ஆட்டக்காரரின் தேர்வுக்கு மதிப்பு என்று சொல்லும்போது, அந்தத் தேர்வால் அடிபடுகிறவரும் ஆட்டக்காரர்தான் என்பதை வடிவமைப்பவர்கள் மறக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட உலகத்தில் பயம் பெருகும். 2009க்குப் பிறகு பெரிய கூட்டணிகளில் அதிகாரத்தைச் சிலர் கையில் மட்டும் பூட்டி வைக்கும் வழக்கம் இறுகியது. புதியவருக்குப் பொறுப்பு கிடைப்பது கடினமாயிற்று. யாரையும் நம்பாதே என்பதே முதல் பாடம் என்று ஒரு கேமில் நுழையும் இளைஞனிடம் சொல்வது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் நடந்தது

2009 டிசம்பரில் வந்த டொமினியன் என்ற பெரிய மாற்றத்தோடு விண்தளக் கணக்கு போய், நில உரிமைக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்ட வேண்டிய கட்டணம் வந்தது. 2010 தொடக்கத்தில் கூன்ஸ்வார்முக்கே அடி விழுந்தது. கட்டணம் கட்டாமல் டெல்வின் உரிமை நழுவியது. அதன் தலைவரே சொத்தை எடுத்துக்கொண்டு கூட்டணியைக் கலைத்தார். பேண்ட் ஆஃப் பிரதர்ஸின் மிச்சத்தைச் சுற்றி உருவான ஐ.டி. அலையன்ஸ் டெல்வில் மறுபடி கால் வைத்தது. கூன்ஸ்வார்ம் ஆட்கள் வடக்கே போய்ப் புதிய பெயரில் எழுந்தார்கள்.

2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் மறுபடி ஒரு கட்டணம் தவறியது. அந்த மண்டலத்தைப் படைத்தளமாக வைத்திருந்த கூட்டணியின் உரிமை விழ, எதிரிகள் உள்ளே குதித்தார்கள். ஏறக்குறைய 21 மணி நேரச் சண்டை. ஒவ்வொன்றையும் கட்டி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும் டைட்டன் கப்பல்களில் 75 அழிந்தன. மொத்தம் 7,548 பேர் பங்கெடுத்தார்கள். இழப்பின் மதிப்பை நிஜப் பணத்தில் 3 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அந்த மண்டலத்தில் உடைந்த கப்பல்களை நினைவுச்சின்னமாகத் தயாரிப்பாளரே நிரந்தரமாக நிறுத்தி வைத்தார். போய்ப் பார்க்கலாம்.

டெல்வ் அதன் பிறகும் போர்க்களமாயிற்று. 2020, 2021 ஆண்டுகளில் நடந்த பெரும் போரில் அங்கே முற்றுகையிடப்பட்டவர்கள் கூன்ஸ்வார்மின் வாரிசுகள். சுற்றி நின்றவர்களில் ஒரு காலத்தில் அவர்களோடு தோள் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அந்தப் போரில் எம்2-எக்ஸ்எஃப்ஈ மண்டலத்தில் நடந்த சண்டை பி-ஆர்5ஆர்பியின் கணக்கை முறியடித்து கின்னஸ் பதிவில் ஏறியது.

ஈவ் ஆன்லைனில் யாருடைய பெயரைச் சொடுக்கினாலும் ஒரு தகவல் பலகை திறக்கும். அதில் வேலை வரலாறு என்று ஒரு பக்கம் உண்டு. அந்த ஆள் எந்தக் கார்ப்பரேஷனில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது வெளியேறினார் என்று முதல் நாளிலிருந்து வரிசையாக இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயருக்கு உரியவர் நினைத்தாலும் ஒரு வரியை அழிக்க முடியாது. சேர விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும் ஆள் சேர்ப்பவர்கள் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.